புழுத்தொட்டிமேல் போர்த்திய கோணி

ஓசியில் கிடைக்கிறது என்றால் எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்று கை நீட்டுகிற ரகம் கிருபானந்தம். கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவார். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் இருபது வருஷமாக ஸ்டோர் கீப்பர். கம்பெனியில் வேண்டாமென்று ஓரங்கட்டுகிற எதையும் அவர் கண் சும்மா விடாது. அறுந்த பெல்ட், ஓட்டை டிரம், உடைந்த பலகை எல்லாம் சைக்கிள் கேரியரில் ஏறி வீடு வரைக்கும் வரும். கேட்டில் அவர் மனைவி டோரதி நிற்பாள். "கம்பெனி சாமான் எதுவும் இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது" என்பாள். வந்தது வந்த வழியே திரும்பும்.

டோரதிக்குக் கம்பெனிமேல் கோபம். கோபத்துக்குக் காரணமும் இருந்தது. அவள் திமிரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது பின்பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி அப்படியே குடித்திருக்கிறாள். பத்து வருஷத்துக்குள் அது டிகாஷன் நிறமாகி, வாயில் வைத்தால் கரித்தது. ஊரிலிருக்கிற அத்தனை கம்பெனிக் கழிவுத் தண்ணீரும் பூமிக்குள் இறங்கினால் கிணறு பாவம் என்ன செய்யும்? கத்தரி நட்டாள், கருகியது. ரோஜா வைத்தாள், இலையோரம் தீய்ந்தது. வெண்டை முளைக்கவேயில்லை. வயலும் வரப்புமாக வளர்ந்தவளுக்கு அந்தத் தோட்டத்தைப் பார்க்கப் பார்க்க வயிறெரியும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் வேலூரில் டீச்சர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி நடந்தது. அங்கே யாரோ ஒரு காலேஜ் வாத்தியார் ஒரு தொட்டியைத் திறந்து காட்டி, சாணியையும் சருகையும் போட்டால் மண்புழு அதைத் தின்று எருவாகத் தள்ளும், செத்த மண்ணும் அதில் பிழைக்கும் என்று சொல்லியிருக்கிறார். மற்ற டீச்சர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். டோரதி ஒரு டப்பா நிறையக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

முருங்கை மர நிழலில் நாலடிக்கு மூணடி செங்கல் தொட்டி கட்டினாள். அடியில் உடைந்த ஓடு, அதன்மேல் மணல், தேங்காய் நார், ஆறவைத்த சாணி, சருகு. அதில் புழுவை விட்டு, மேலே தென்னை ஓலையைப் போட்டு மூடினாள். கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. ஒன்றுவிட்டு ஒருநாள் வருகிற முனிசிபாலிட்டிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துத் தெளித்தாள். ரெண்டு மாசத்தில் மேல்பக்கமெல்லாம் டீத்தூள் மாதிரி பொலபொலவென்று எரு திரண்டிருந்தது. செடிக்கு ரெண்டு கை, ரெண்டு கை என்று போட்டாள். கருகிக்கொண்டிருந்த கத்தரி அந்த வருஷம் காய்த்தது. அன்றைக்கு டோரதி கத்தரிச் செடியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். கிருபானந்தம், "புழுப்பீக்கு இவ்வளவு மவுசா" என்று கேலி பண்ணினார். பண்ணிவிட்டுக் கம்பெனியில் போய்ப் பத்துப் பேரிடம் பெருமையும் பேசினார்.

பக்கத்து வீடு மஹ்பூபியுடையது. இடுப்பளவு மதில்தான் நடுவில். அவள் புருஷன் அமீர் பாஷாவுக்குத் தோல் மண்டியில் வேலை. முதல் நாள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துவிட்டு மஹ்பூபி முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாக்கா இது, கோழி வளப்பாங்க, ஆடு வளப்பாங்க. நீங்க புழு வளக்குறீங்களே."

ஒரு மாசம் கழித்து அவளே, பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளச் செய்த கத்தரிக்காயின் காம்பு, வடிகட்டின டீத்தூள், கீரைத்தண்டு என்று தினமும் ஒரு சட்டி கழிவை மதில்மேல் கொண்டுவந்து வைத்தாள். அடுத்த மாசம் டோரதி அவளுக்கும் ஒரு கை புழுவைப் பால்டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

"உறை மோர் மாதிரிதான் இது. உங்கிட்ட வீணாப்போனா எங்கிட்ட வாங்கிக்க. எங்கிட்ட வீணாப்போனா உங்கிட்ட வாங்கிக்கறேன்."

ரெண்டு பேருக்கும் பேச்சென்றால் அப்படிப் பேச்சு. ரம்ஜான் மாசம் முழுக்க அந்தப் பக்கத்திலிருந்து நோன்புக் கஞ்சி வரும், கிறிஸ்துமஸுக்கு இந்தப் பக்கத்திலிருந்து முறுக்கும் அதிரசமும் போகும். கூடப் பிறந்த தங்கை இல்லாத டோரதிக்கு அந்த மதில்தான் தாய்வீடு என்று கிருபானந்தம் சொல்வார். அவருக்கும் அது தெரியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். தெரியாமல் கெடுத்தவனை மன்னிக்கலாம்.

எண்பத்தாறாம் வருஷம் மே மாசம், டோரதியின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். பன்னிரண்டு நாள் திமிரியில் இருக்க வேண்டும். கிளம்புகிறவள் புருஷனுக்குச் சோறு எங்கே என்றாவது சொன்னாளா? தொட்டியைப் பற்றித்தான் சொன்னாள்.

"பாத்தியில எது வேணா வாடட்டும். தொட்டி மட்டும் காயக் கூடாதுங்க. சாயங்காலம் குழாத் தண்ணி தெளிங்க. ஓலை விலகாம பாத்துக்கோங்க. உங்களை நம்பித்தான் போறேன்."

"போடி, நான் பாத்துக்கறேன். இருவது வருஷமா ஒரு ஸ்டோரையே பாத்துக்கறவன்."

ரெண்டு நாள் ஒழுங்காகத்தான் நடந்தது. மூன்றாம் நாள் வெயிலில் ஓலை காய்ந்து சுருண்டு, எவர் வீட்டுக் கோழியோ உள்ளே தலையை விட்டுக் கொத்திக்கொண்டிருந்தது. கோழியை விரட்டினார். ஓலை போதாது, கனமாக ஏதாவது வேண்டும் என்று யோசித்தார். யோசனை எங்கே போகும்? நேராகக் கம்பெனிக்குத்தான் போயிற்று. குடோன் மூலையில் பச்சைத்தோல் கட்டி வந்த கோணிகள் குவிந்து கிடந்தன. வடக்கிலிருந்து வருகிற தோல், கெட்டுப்போகாமலிருக்க உப்பை வாரி வாரித் தடவி அனுப்புவார்கள். கோணியெல்லாம் அந்த உப்பு. கிருபானந்தத்துக்கு இது தெரியாதா? தெரியும். ரெண்டு கோணியை எடுத்துக் கல்லில் அடித்து, பம்பில் காட்டி ரெண்டு தண்ணீர் அலசினார். போதும் என்று நினைத்தார். டோரதிதான் ஊரில் இல்லையே, கேட்டைத் தாண்டினால் யார் கேட்கப் போகிறார்கள்?

கோணியைத் தொட்டிமேல் விரித்துக்கொண்டிருந்தபோது மஹ்பூபி துணி காயப்போட வந்தாள்.

"அண்ணா, அது மண்டி கோணி மாதிரி கீதே. உப்பு இருக்கப் போவுது."

"ரெண்டு தண்ணி அலசிட்டேம்மா."

"அது லேசுல போவாதுண்ணா. எங்க வீட்டுக்காரரு லுங்கிய மூணு வாட்டி தோச்சாலும் கரிக்குது. அக்கா வந்தா பேஜாரா பூடும். எடுத்துடுங்க."

"ஸ்டோர்ல இருவது வருஷம் குப்பை கொட்டினவன்கிட்டயே சொல்றியா? நீ போய் உன் வேலையப் பாரும்மா" என்று சிரித்தார்.

நல்ல வார்த்தை யார் சொன்னாலும் காதில் ஏறக் கூடாது என்று சிலருக்கு வரம். தினமும் சாயங்காலம் அந்தக் கோணிமேலேயே தண்ணீரை ஊற்றினார். மறுநாள் தொட்டுப் பார்த்தால் கோணி ஈரமாகவே இருக்கும். எப்பேர்ப்பட்ட யோசனை, ஓலையெல்லாம் இதன் பக்கத்தில் வருமா என்று அவருக்கே அவர்மேல் மதிப்பு வந்தது. உப்பிருந்தால் ஈரம் காயாது. மண்டியில் மூட்டை தூக்குகிறவனுக்குக்கூடத் தெரிந்த சமாச்சாரம் அது.

ஒன்பதாம் நாள் நாற்றம் வந்தது. கோணியைத் தூக்கினார். புழுக்கள் தப்பிக்கப் பார்த்து நாலு பக்கச் சுவரோரமும் ஒதுங்கி, ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்டு, வெளுத்துக் குழைந்து கிடந்தன. கையால் அடிவரைக்கும் கிளறினார். ஒன்றும் நெளியவில்லை. எருவை நாக்கில் வைத்துப் பார்த்தார். கரித்தது.

கிருபானந்தத்துக்கு அழுகை வந்தது. நிஜமாகவே வந்தது, இதில் வேஷமில்லை. மூன்று வருஷமாக அவள் அந்தத் தொட்டியோடு மன்றாடியதை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் அழுது முடித்ததும் பயம் வந்தது. பயம் வந்தால் மனுஷனுக்குப் புத்தி நன்றாக வேலை செய்யும், கெட்ட வழியில். கோணி ரெண்டையும் சுருட்டி சைக்கிளில் வைத்து, இருட்டுவதற்குள் கம்பெனி குடோனில் போட்டுவிட்டு வந்தார். புது ஓலை வெட்டி மூடினார். சொல்லிவிட வேண்டியதுதானே ஐயா? ஒருநாள் திட்டுவாள், ரெண்டு நாள் பேசமாட்டாள், மூன்றாம் நாள் சோறு போட்டுத்தானே ஆக வேண்டும்? சொல்லலாம் என்றுதான் இருந்தார். அவள் வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் வாக்கியம்கூட அமைத்து வைத்திருந்தார்.

டோரதி வருவதற்கு முந்தின நாள் மஹ்பூபி வீட்டில் ரம்ஜானுக்கு வெள்ளையடித்தார்கள். மதிலில் இந்தப் பக்கமும் ரெண்டு மூன்று இடத்தில் சுண்ணாம்பு வழிந்திருந்தது.

மறுநாள் காலை டோரதி வந்தாள். பையைக்கூட வீட்டுக்குள் வைக்கவில்லை, நேராகப் பின்பக்கம் போனாள். ஓலையைத் தூக்கிப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாங்க ஆச்சு?"

கிருபானந்தம் வாயைத் திறந்தார். அமைத்து வைத்திருந்த வாக்கியம் வரவில்லை. கண் மதில்பக்கம் போயிற்று, சுண்ணாம்பு தெரிந்தது.

"பக்கத்துல வெள்ளையடிச்சாங்க. சுண்ணாம்புத் தண்ணியைக் கழுவி இப்படி ஊத்திட்டாங்க. நான் சொல்லச் சொல்லக் கேக்கல."

அந்த 'சொல்லச் சொல்லக் கேக்கல'வை அவரிடம் யார் கேட்டார்கள்? பொய் சொல்கிறவனுக்குச் சின்னப் பொய் போதவே போதாது. ஒரு கரண்டி கேட்டால் ரெண்டு கரண்டியாகத்தான் ஊற்றுவான்.

டோரதி எழுந்து மதிலருகே போனாள். மஹ்பூபியைக் கூப்பிட்டாள். மஹ்பூபி, "எப்பக்கா வந்தீங்க, அம்மா கண்ணு எப்படி கீது" என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

"சுண்ணாம்புத் தண்ணியை ஏன் என் தொட்டியில ஊத்தின?"

"நானா? இல்லக்கா. மதில்ல தெறிச்சதோட சரி."

"எங்க வீட்டுக்காரர் கண்ணால பாத்திருக்கார்."

மஹ்பூபி கிருபானந்தத்தைப் பார்த்தாள். "அண்ணா, நீங்களே சொல்லுங்க. அந்தக் கோணி போட்டதாலதானே…"

"கோணியா?" என்றார் கிருபானந்தம். "எந்தக் கோணி? ஓலைதானே மூடியிருக்கு, கண்ணு தெரியலியா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைப் பகல் பதினோரு மணிக்கு, ரெண்டு பொம்பிளைகளுக்கு நடுவில் நின்று செய்தார். தன் குரல் தனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது. டோரதி புருஷன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை.

"செய்யறதையும் செஞ்சிட்டு அவர்மேல பழி போடாத மஹ்பூபி. கம்பெனி சாமான் எதையும் அவர் உள்ள கொண்டுவர மாட்டார். இனிமே இந்த மதில்கிட்ட எனக்கும் உனக்கும் பேச்சு இல்ல."

மஹ்பூபி டோரதியை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த வருஷம் கஞ்சி வரவில்லை, கிறிஸ்துமஸுக்கு முறுக்கு போகவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இதோடு போயிருந்தால்கூடத் தேவலை. அவர்கள் கோயிலில் மாசத்து முதல் ஞாயிறு திருவிருந்து. யார்மேலாவது மனஸ்தாபம் வைத்துக்கொண்டு அந்த அப்பத்தைத் தொடக் கூடாது என்று சின்ன வயசிலிருந்தே டோரதிக்கு ஒரு கண்டிப்பு. அடுத்த முதல் ஞாயிறு எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போனபோது அவள் பெஞ்சிலேயே இருந்துவிட்டாள்.

"ஏன் வரல?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"அவளை நெனச்சா இன்னும் மனசு கொதிக்குது. மன்னிச்சிட்டேன்னு பொய் சொல்லிக்கிட்டு எப்படிப் போவேன்?"

கிருபானந்தம் மட்டும் போனார். போகாமலிருந்தால் நாலு பேர் கேட்பார்களே. முதல் மாசம் கடைசி ஆளாகப் போனார். ரெண்டாம் மாசம் கூட்டத்தின் நடுவில் போனார். ஆறாம் மாசம் பழகிவிட்டது. ஒரு பொய்யும் சொல்லாதவள் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, சொன்னவர் வெள்ளை வேட்டியில் முன்னால் போய் முழங்காலிட்டார். இதை நினைத்து அவர் வேதனைப்படவில்லை என்று சொல்லமாட்டேன். வேதனைப்பட்டார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. உலகத்தில் சும்மாக் கிடைக்கிற சரக்கு வேதனை ஒன்றுதான், எவ்வளவு வேண்டுமானாலும் பட்டுக்கொள்ளலாம்.

அடுத்த வருஷம் அமீர் பாஷாவுக்கு மேல்விஷாரத்தில் வேலை கிடைத்தது. வீடு காலி செய்கிற அன்று, டோரதி பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், மஹ்பூபி கேட்டுக்கு வந்தாள். கையில் பெரிய டால்டா டப்பா. உள்ளே சாணிக்கும் சருகுக்கும் நடுவில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

"இது அக்கா குடுத்ததுதாண்ணா. நான் போற வீடு மாடி. சிமெண்ட் தரை, மண்ணே கெடையாது. உறை மோர் மாதிரின்னு சொல்லிக் குடுத்தாங்க. திருப்பிக் குடுத்துடறேன்."

டப்பாவைக் கொடுத்த பிறகும் அவள் உடனே போகவில்லை. அவர் ஏதாவது சொல்வார் என்று நின்றாள். கிருபானந்தம் டப்பாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். "அக்காகிட்ட சொல்லிடுங்க" என்றுவிட்டு மஹ்பூபி லாரியில் ஏறினாள்.

அன்று சாயங்காலம் டோரதி வந்து பார்த்தபோது தொட்டியில் புதுச் சாணி, புதுச் சருகு, உயிருள்ள புழு. எங்கிருந்து என்று கேட்டாள். மஹ்பூபி என்று சொன்னால், அவள் ஏன் கொடுத்தாள் என்று வரும், கெடுத்தவள் கொடுப்பாளா என்று வரும், கோணி வரும். "வேலூர் விவசாய ஆபீஸ்ல கேட்டு வாங்கியாந்தேன்" என்றார்.

டோரதி அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பதினெட்டு வருஷத்தில் அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

தோட்டம் மறுபடி எழுந்தது. கோயிலில் அறுப்பின் பண்டிகைக்கு அவள் கொண்டுபோய்ப் படைத்த கத்தரிக்காய்க் கூடையை ஏலத்தில் எடுக்கப் போட்டியே நடந்தது. எந்த மண்ணில் விளைந்தது என்று பெண்கள் கேட்டபோது, "எல்லாம் எங்க வீட்டுக்காரர் அலைஞ்சி வாங்கியாந்த புழு" என்று பெருமையாகச் சொன்னாள். அன்றைக்கு மதியம் கிருபானந்தத்துக்குச் சோறு இறங்கவில்லை.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவநாட்களான லெந்து காலத்தில் ஒருநாள் டோரதி சொன்னாள்.

"ஈஸ்டருக்குள்ள நான் மஹ்பூபியைப் பாத்துட்டு வரப்போறேன். மூணு வருஷமாப் போவுது. ஒரு தொட்டிக்காக நான் கோயில்ல வேத்து ஆளு மாதிரி உக்காந்திருக்கேன். அவ செஞ்சது செஞ்சிட்டா. நேர்ல போய் மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டு வந்துடறேன். விலாசம் வாங்கிட்டேன். நீங்களும் வாங்க."

கிருபானந்தம் சாக்குத் தேடினார். இந்த வாரம் கம்பெனியில் ஸ்டாக் எடுக்கிறார்கள் என்றார். அடுத்த வாரம் கால்வலி என்றார். மூன்றாம் வாரம் சனிக்கிழமை அவள் துணிப்பையில் ரெண்டு படி எருவைச் சலித்துக் கட்டிக்கொண்டு நின்றாள். "மாடி வீடா இருந்தா இன்னா, ரெண்டு பூந்தொட்டியாவது வச்சிருப்பா" என்றாள்.

பஸ்ஸில் ஏறியதிலிருந்து சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று பார்த்தார். குற்றமில்லாதவளிடம் போய் மன்னித்தேன் என்று இவள் சொன்னால், அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? மாதனூர் வந்தது, கூட்டமாக இருந்தது. பள்ளிகொண்டா வந்தது, கண்டக்டர் பக்கத்தில் நின்றார். வேலூரில் பஸ் மாறும்போது சொல்ல வாயெடுத்தார், அவள் "டீ குடிக்கிறீங்களா" என்றாள், குடித்தார். சத்துவாச்சாரி தாண்டினதும் இனி ஊர் வந்துவிடும் என்று தெரிந்தது.

"டோரதி, சுண்ணாம்பு இல்ல."

"இன்னா?" இன்ஜின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

"சுண்ணாம்பு இல்லன்னேன். கோணி. கம்பெனியிலருந்து உப்புக் கோணி கொண்டாந்து நான்தான் மூடினேன். மஹ்பூபி வேணாம்னு சொன்னா. நான்தான் கேக்கல."

சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். டோரதி மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். இறங்கித் திரும்பிவிடுவாள் என்று நினைத்தார். இறங்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்டாள்.

"அவ்வளவுதான்."

டால்டா டப்பா தொண்டை வரைக்கும் வந்து நின்றது. ஒரே நாளில் எத்தனையைத்தான் ஒருத்தி தாங்குவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவளுக்காக இல்லை, அது அவருக்கே தெரியும். புழு வாங்கித் தந்த புருஷன் என்கிற அந்த ஒரு நல்ல பேர்தான் அவரிடம் மிச்சமிருந்தது. அதையும் கொடுக்க மனசு வரவில்லை.

மஹ்பூபி மாடியில் இருந்தாள். இளைத்திருந்தாள். "வாங்க டீச்சரம்மா, வாங்கண்ணா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டோரதி உட்காரவில்லை.

"மஹ்பூபி, கோணி போட்டது இவருதான். நீ அன்னிக்குச் சொன்னது நெசம். எனக்குத் தெரியாது. இப்பதான், வர்ற வழியில பஸ்ல சொன்னாரு. நான் உன்னைப் பேசினதுக்கு என்னை நாலு வார்த்தை திட்டு."

"எதுக்கு டீச்சரம்மா திட்டறது. புருஷனை விட்டுக்குடுக்க முடியாம பேசுறீங்கன்னு அன்னிக்கே எனக்குப் புரிஞ்சி போச்சி. தெரிஞ்சிதான் பேசுறீங்கன்னு. ஒரே வீட்ல இருக்கீங்க, தெரியாம போவுமா?"

"சத்தியமா தெரியாது."

"இருக்கட்டும். பழசு அது. உக்காருங்க, டீ போடறேன்."

மரியாதைக்குக் குறைவில்லை. அந்த மரியாதைதான் டோரதியைக் கொன்றது. அவள் பையை நீட்டினாள்.

"எரு கொண்டாந்தேன். நீ அன்னிக்குப் பாத்த புழு எல்லாம் செத்துப் போச்சி. இது இவரு வேலூர் விவசாய ஆபீஸ்ல வாங்கியாந்த புழு போட்டது."

மஹ்பூபி பையை வாங்கவில்லை. "ஆபீஸ்லயா? அப்ப நான் குடுத்தது?"

"நீ எப்ப குடுத்த?"

"வீடு காலி பண்ண அன்னிக்கு. டால்டா டப்பால. அண்ணன் கையிலதான குடுத்தேன். அக்காகிட்ட சொல்லுங்கன்னு சொல்லிட்டு வந்தேனே. ஒரு காயிதமாவது போடுவீங்கன்னு நாலு மாசம் பாத்தேன். அவ்வளவு ஆவாதவளா பூட்டனான்னு…"

டோரதி புருஷன் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் மஹ்பூபிக்கு எல்லாம் விளங்கியது. அடுப்பங்கரைக்குப் போகத் திரும்பியவள் வந்து டோரதியின் தோளைப் பிடித்தாள். "உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதாக்கா?" என்றாள். டோரதி அவள்மேல் சாய்ந்து அழுதாள். மூன்று வருஷம், ஒருத்தி தன் தொட்டியைக் கெடுத்தாள் என்று இவளும், ஒருத்தி தெரிந்தே தன்மேல் பழி போட்டாள் என்று அவளும், ஊருக்கொருவராக உட்கார்ந்து வெந்திருக்கிறார்கள். எல்லாம் ரெண்டு ஓசிக் கோணிக்காக.

கிருபானந்தம் சுவரோரம் நின்றார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"டோரதி, தப்புதான். பஸ்லயே சொல்லியிருக்கணும். எல்லாத்தையும் நான்தான்…"

டோரதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரல் சாதாரணமாக, வகுப்பில் கணக்குக் கேட்கிற மாதிரி இருந்தது.

"வேற எதுனா பாக்கி இருக்கா?"

"இல்ல டோரதி. வேற ஒண்ணுமில்ல."

அது நிஜம். வேறு ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் டோரதி மஹ்பூபியைப் பார்த்தாள், மஹ்பூபி டோரதியைப் பார்த்தாள். ரெண்டு பேரும் நம்பவில்லை.